உள்ளூர்க் காலநிலைப் பணிக்கு இளைஞர்களைப் பழக்குவது எப்படி: பன்னிரண்டு வாரச் செயல்வழிகாட்டி

காலநிலை மாற்றம் என்றால் என்னவென்று இளைஞர்களுக்குத் தெரியாது என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலான பயிற்சிகள் தொடங்குகின்றன. உண்மையில் அவர்களுக்குத் தெரியும். பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரையுள்ள பத்தாயிரம் பேரிடம் நடத்தப்பட்டு, 2021-இல் லான்செட் பிளானட்டரி ஹெல்த் இதழில் வெளியான ஆய்வில், 59 விழுக்காட்டினர் தாங்கள் மிகவும் அல்லது மிகமிக அதிகமாகக் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். கவலை வேண்டிய அளவு இருக்கிறது. அதைக் கொண்டு என்ன செய்வது என்பதுதான் கைவசம் இல்லை.

இந்த வழிகாட்டி, அந்தக் கவலையைச் செயலாக மாற்றும் இளைஞர் குழு ஒன்றை முதன்முறையாக நடத்தப்போகிறவர்களுக்கானது. ஆசிரியராக இருக்கலாம், நூலகராக இருக்கலாம், இளைஞர் மன்றத்தைக் கவனிப்பவராக இருக்கலாம். காலநிலை அறிவியலில் பட்டம் தேவையில்லை. இங்கே சொல்லும் முறைக்கு அடிப்படை ஒன்றுதான்: சிறிய வேலை ஒன்றை எடுத்து, அதை முதலில் அளந்து, செய்து, மறுபடி அளந்து முடிப்பது. இந்தச் சுற்றை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தவருக்கு அடுத்த வேலையைத் தானே தொடங்கும் திறன் வந்துவிடும். பாதியில் நின்ற பெரிய திட்டம் பத்து இருந்தாலும் அந்தத் திறன் வராது.

குழுவைச் சேர்ப்பது

எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் இருவர் அளக்க, மற்றவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இருபது பேர் வந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, இரண்டு வெவ்வேறு வேலைகளைக் கொடுங்கள். காலம் பன்னிரண்டு வாரம். வாரத்துக்கு இரண்டு சந்திப்பு: ஒன்று வெளியில் இரண்டு மணி நேரம், மற்றது மேசையில் ஒன்றரை மணி நேரம். தேர்வுகளும் வேலைநேர மாற்றங்களும் வரும் வாரங்களை முதல் நாளே நாட்காட்டியில் குறித்து, அந்த வாரங்களில் கனமான வேலை வைக்காதீர்கள். குழுவிலிருந்து ஆட்கள் கழன்றுகொள்வதற்கு ஆர்வக்குறைவு முக்கியக் காரணமாக இருப்பதில்லை. நேரம் ஒத்துவராததும், போக்குவரத்துச் செலவுமே பெரும்பாலும் காரணம். பயணச் செலவைக் குழுவின் பணத்திலிருந்து கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால், வசதியுள்ளவர்களின் குழுவாக அது மெல்ல மாறிவிடும்.

பொறுப்புகள் நான்கு: அளப்பவர், பதிபவர், வெளியாட்களிடம் பேசுபவர், பொருள்களைக் காப்பவர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இவற்றைச் சுழற்றியே ஆகவேண்டும். நன்றாகக் கணக்குப் போடுகிறவரே எப்போதும் கணக்குப் போட்டால் வேலை வேகமாக முடியும். ஆனால் திறன் ஏற்கெனவே உள்ளவரிடமே தங்கிவிடும். ஒரு விதி நன்றாக வேலை செய்கிறது: தெரிந்தவர் சொல்லிக்கொடுக்கலாம், கருவியையோ விசைப்பலகையையோ தொடக்கூடாது.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. 30 மீட்டர் அளவு நாடா, 25 கிலோ வரை காட்டும் தொங்கு தராசு, ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகள், சுவர்ச் சாக்கெட்டில் செருகும் மின் அளவி ஒன்று, ஒரு லிட்டர் அளவுக் குவளை, 10 லிட்டர் வாளி, தடித்த கையுறைகள், தைத்துக் கட்டிய நோட்டுப் புத்தகம், பென்சில். பேனா வேண்டாம், ஈரம் பட்டால் எழுத்து கரைந்துவிடும். தனித்தாள்களும் வேண்டாம், அவை தொலையும். கைபேசியில் பதிவு செய்வதானால் கோபோடூல்பாக்ஸ் போன்ற இலவசப் படிவச் செயலிகள் இணையமில்லாத இடத்திலும் வேலை செய்யும். அப்போதும் நோட்டு ஒன்று கூடவே இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரம்: நடந்து பார்ப்பது

இரண்டு கிலோமீட்டருக்கு மிகாத ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். ஒரே பாதையில் இரண்டு முறை நடக்கவேண்டும்: ஒருமுறை வெயில் உச்சத்தில் இருக்கும் பிற்பகலில், மறுமுறை மழைக்குப் பின் அல்லது இருட்டிய பிறகு. பகலில் நன்றாகத் தெரிந்த தெரு, மழைக்குப் பின் வேறு தெருவாக இருக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்திலிருந்து அந்தப் பகுதியின் வரைபடத்தைத் தாளில் அச்சிட்டு, இருவருக்கு ஒன்றாகக் கொடுங்கள். நான்கு நிறப் பென்சில்: ஆற்றல் செலவாகும் இடம், தண்ணீர் தேங்கும் அல்லது வீணாகும் இடம், குப்பை சேரும் இடம், மனிதர்கள் நிழலின்றிக் காத்திருக்கும் இடம்.

வழியில் குறைந்தது ஐந்து பேரிடம் பேசவேண்டும். வெளியில் நின்று வேலை செய்பவர்கள், முதியவர்கள், கட்டடப் பராமரிப்பாளர்கள் ஆகியோரிடம்தான் அதிகத் தகவல் கிடைக்கும். "காலநிலை மாற்றம் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் செய்தியில் கேட்டதைத் திருப்பிச் சொல்வார்கள். "போன பெருமழையில் தண்ணீர் எதுவரை வந்தது?", "வெயில் நாளில் எந்த நேரம் வேலை செய்ய முடியாமல் போகிறது?" என்று கேளுங்கள். இடமும் நேரமும் அளவும் தானாக வரும். முழங்கால்வரை என்று சொன்னால், அந்த உயரத்தை அங்கேயே சுவரில் நாடா வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அறிவியல் பாடத்துக்கு இந்தக் கட்டத்தில் ஒரே ஒரு சந்திப்பு போதும். 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011–2020 காலத்தில் புவியின் சராசரி வெப்பம் சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது என்று, காலநிலை அறிவியலை மதிப்பிடும் ஐ.நா. அமைப்பான ஐபிசிசி கணக்கிட்டிருக்கிறது. கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் வளிமண்டலத்தில் தங்கும். மீத்தேன் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆனாலும் நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன், ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடைப் போல 27 முதல் 30 மடங்கு வெப்பப்படுத்தும். இத்தகைய வாயுக்கள் வெளியாவதை, அதாவது உமிழ்வைக் குறைப்பது தணிப்பு; வந்துவிட்ட வெப்பத்துக்கும் வெள்ளத்துக்கும் ஈடுகொடுப்பது தகவமைப்பு. எடுக்கும் வேலை இவற்றில் எந்தப் பக்கம் சேரும் என்று குழு சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். தெருநிழல் அமைப்பதை உமிழ்வுக் குறைப்பு என்று சொல்லிக்கொண்டு போனால், முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

மூன்றாம் வாரம்: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுப்பது

வரைபடத்தில் முப்பது நாற்பது புள்ளிகள் விழுந்திருக்கும். ஒவ்வொன்றிடமும் நான்கு கேள்வி கேளுங்கள். நம்மிடம் உள்ள கருவிகளால் இதை அளக்க முடியுமா? இதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவரை இரண்டு வாரத்துக்குள் சந்திக்க முடியுமா? ஆறு வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவு முடியுமா? நாம் போன பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

நான்காவது கேள்விக்கு ஒரு மனிதரின் பெயர் பதிலாக வரவேண்டும். "எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்" என்பது யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பதற்குச் சமம். மரக்கன்று நடும் விழாக்கள் தோற்பது இங்கேதான். கன்று நடுவது ஒரு காலைப் பொழுது. அதற்கு முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் தண்ணீர் விட ஆள் வேண்டும். நட்ட எண்ணிக்கையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஓராண்டு கழித்து உயிரோடு இருக்கும் எண்ணிக்கைதான் கணக்கு. தண்ணீருக்கு ஆள் உறுதியில்லையென்றால் அந்த வேலையை இப்போது எடுக்கவேண்டாம்.

முதல் சுற்றுக்கு நன்றாகப் பொருந்தும் வேலைகள் சில உண்டு. பொதுக் கட்டடம் ஒன்றின் மின்செலவைக் குறைப்பது, உணவுக்கழிவை அங்கேயே மக்கவைப்பது, கூரை மழைநீரைச் சேமிப்பது, காத்திருக்கும் இடத்துக்கு நிழல் கொண்டுவருவது. முடிவைக் கைதூக்கும் வாக்கெடுப்பால் எடுக்காமல், ஒவ்வொரு வேலைக்கும் நான்கு கேள்விகளில் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடச்சொல்லி, மிகக் குறைவான மதிப்பெண் எதில் விழுந்தது என்று பாருங்கள். மொத்தக் கூட்டுத்தொகை ஏமாற்றும். எந்தக் கேள்வியிலாவது 0 வாங்கிய வேலை, மற்றவற்றில் 9 வாங்கியிருந்தாலும் நின்றுபோகும்.

நான்காம், ஐந்தாம் வாரம்: தொடக்க அளவு

இந்தப் பயிற்சியின் முதுகெலும்பு இதுதான். இளைஞர்கள் இந்தக் கட்டத்தில் பொறுமை இழப்பார்கள். உடனே ஏதாவது செய்துவிடத் துடிப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். தொடக்க அளவு இல்லாமல் செய்த வேலை பயன் தந்ததா இல்லையா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். வாட் அளவை மணி நேரத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட், அதாவது கிலோவாட் மணி. முதல் வேலை, கட்டடத்தின் மீட்டரை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், திறக்கும்போதும் மூடும்போதும், 14 நாள் படித்து எழுதுவது. இரவு முழுவதும் எவ்வளவு ஓடுகிறது என்பது இதில் வெளிப்படும். யாருமில்லாத நேரத்தில் ஓடும் மின்சாரத்தைத்தான் எளிதில் குறைக்கலாம். குளிர்பதனப் பெட்டி போல விட்டுவிட்டு ஓடும் கருவிகளைப் பத்து நிமிடம் அளந்து பெருக்கினால் தவறாகும். செருகு அளவியை முழு 24 மணி நேரம் வைத்துவிட்டு எடுக்கவேண்டும்.

அடிக்கடி நேரும் பிழை ஒன்றைக் கணக்கோடு பார்ப்பது நல்லது. ஒரு கட்டடத்தில் 40 பழைய குழல்விளக்குகள், சோக்கையும் சேர்த்து ஒன்றுக்கு 50 வாட். நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாள் எரிகின்றன. மொத்தம் 400 யூனிட். அவற்றை 20 வாட் எல்இடி விளக்குகளாக மாற்றினால் 160 யூனிட் ஆகும், மிச்சம் 240. மாறாக, பழைய விளக்குகளையே வைத்துக்கொண்டு, ஆளில்லாத 3 மணி நேரம் அணைத்தால் மிச்சம் 150. இரண்டையும் செய்தால் 390 யூனிட் மிச்சம் என்று குழு எழுதிக்கொண்டு வரும். அது தவறு. எல்இடி மாற்றிய பிறகு 3 மணி நேரம் அணைப்பதால் மிஞ்சுவது 60 யூனிட்தான். ஆக மொத்தம் 300. ஒரே சேமிப்பை இரண்டு முறை எண்ணும் இந்தப் பிழையை ஒருமுறை தாங்களே கண்டுபிடிக்க விடுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

யூனிட்டிலிருந்து உமிழ்வுக்குப் போக ஒரு பெருக்கல்தான்: பயன்பாடு × உமிழ்வுக் காரணி (ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்ற எண்). மின்சாரத்தின் காரணி நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த நாட்டின் அரசு வெளியிடும் சமீபத்திய எண்ணை எடுத்து, எடுத்த ஆண்டையும் பக்கத்தில் எழுதுங்கள். எரிபொருளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ, ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ, ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். எரிபொருளைவிட வாயுவின் எடை எப்படிக் கூடும் என்று யாராவது கேட்பார்கள். கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது. எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவோடும் காற்றிலுள்ள இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்துகொள்கின்றன. கூடுதல் எடை அங்கிருந்து வருகிறது.

வெப்பத்தை அளப்பதில்தான் அதிகம் தடுமாறுவார்கள். துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி, பரப்பின் வெப்பத்தைக் காட்டும். காற்றின் வெப்பத்தைக் காட்டாது. வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை 60 டிகிரி காட்டினால், "எங்கள் தெருவில் 60 டிகிரி வெயில்" என்று எழுதிவிடுவார்கள். பளபளப்பான உலோகத் தகட்டில் அந்தக் கருவி தன் அளவைத் தவறவிடும். பெரும்பாலான கருவிகள் 0.95 உமிழ்திறன் (வெப்பக் கதிரை வெளிவிடும் திறன்) உள்ள மங்கலான பரப்புக்கென்று அமைக்கப்பட்டவை. உலோகக் கூரையை அளக்கவேண்டுமானால் அதன்மேல் மங்கலான காகித நாடாவை ஒட்டி, சில நிமிடம் கழித்து நாடாவின் மீது அளக்கவேண்டும். தூரத்துக்கும் அளக்கும் வட்டத்தின் அகலத்துக்கும் உள்ள விகிதம் 12:1 என்று குறித்த கருவியை 1.2 மீட்டர் தூரத்தில் பிடித்தால், அது 10 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத்தின் சராசரியைக் காட்டுகிறது. தூரம் கூடக் கூட வட்டமும் பெரிதாகி, பக்கத்துப் பொருளையும் சேர்த்துக்கொள்ளும்.

காற்றின் வெப்பத்துக்குச் சாதாரண வெப்பமானியே போதும். தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், நேரடி வெயில் படாமல், காற்றோட்டம் உள்ள இடத்தில் பத்து நிமிடம் தொங்கவிட்டுப் படிக்கவேண்டும். அதற்குமுன் இரண்டு வெப்பமானிகளையும் ஒரே இடத்தில் அரைமணி நேரம் வைத்து, இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மற்றதைவிட 0.8 டிகிரி அதிகம் காட்டினால், அதிகம் காட்டுவதன் எல்லா அளவுகளிலும் அந்த 0.8-ஐக் கழிக்கவேண்டும். நிழலுள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒரே நேரத்தில் இருவர் அளக்கவேண்டும். ஒருவரே ஓடி ஓடி அளந்தால், இடையில் மேகம் வந்து கணக்கைக் கெடுத்துவிடும். கருவியின் பிழை வரம்பு ஒரு டிகிரி என்றால், அரை டிகிரி வித்தியாசத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்லக்கூடாது. இதைச் சொல்ல மறுக்கும் நேர்மையும் ஒரு திறன்தான். அதைத் தனியாகப் பாராட்டுங்கள்.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் கான்கிரீட் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் 80 விழுக்காடு வந்து சேர்ந்தால் 3200 லிட்டர். சொட்டும் குழாயின் அடியில் குவளையை வைத்து ஒரு லிட்டர் நிரம்ப எத்தனை நிமிடம் என்று பார்த்தால், நாள் முழுவதும் போவது தெரிந்துவிடும்.

குப்பையை எடைபோட ஏழு நாள் தொடர்ந்து வேண்டும், விடுமுறை நாளும் உட்பட. ஒரு நாளின் குப்பையை வைத்து வாரத்தைக் கணக்கிட்டால் பிழை பெரிதாகும். அளவு அதிகமென்றால், எல்லாவற்றையும் கலந்து வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகள் இரண்டை மட்டும் எடுத்துத் தரம்பிரிக்கலாம்; கிடைத்த எடையை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். காலி வாளியின் எடையைக் கழிக்க மறப்பது இதில் மிகச் சாதாரணம். வாளியின் மேலேயே அதன் எடையை அழியாத மையில் எழுதிவிடுங்கள்.

ஆறாம் வாரம்: அதிகாரம் உள்ளவரிடம் பேசுவது

அளந்த எண்கள் கையில் இருக்கும்போதுதான் போகவேண்டும். ஒரே பக்கம் எழுதச்சொல்லுங்கள்: என்ன அளந்தோம், என்ன கண்டோம், எதை மாற்ற அனுமதி கேட்கிறோம், எவ்வளவு செலவு, அதில் எது எங்கள் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். இரண்டாம் பக்கத்துக்குப் போனால் படிக்க மாட்டார்கள். நிரந்தர மாற்றம் கேட்பதைவிட மூன்று மாதச் சோதனை கேட்டால் அனுமதி கிடைக்கும் வாய்ப்பு அதிகம். சரிப்பட்டு வராவிட்டால் பழையபடி மாற்றித்தருவோம் என்பதையும் எழுத்தில் கொடுங்கள்.

போவதற்குமுன் மூன்று முறையாவது ஒத்திகை பார்க்கவேண்டும். குழுவில் ஒருவர் அதிகாரியாக உட்கார்ந்து மறுக்கவேண்டும்: "பணம் இல்லை", "இது எங்கள் துறை இல்லை", "முன்பு ஒரு குழு வந்து பாதியில் விட்டுவிட்டுப் போனது." கடைசி மறுப்புக்கு நேர்மையான பதிலைத் தயாராக வைத்திருப்பது மிக முக்கியம். நேரில் மூன்று பேர் போனால் போதும். ஒருவர் பேச, ஒருவர் எழுத, ஒருவர் எண்களுக்குப் பதில் சொல்ல. பன்னிரண்டு பேரும் போய் நின்றால் எதிரே இருப்பவருக்கு அது போராட்டமாகத் தெரியும். தற்காப்பாகப் பேசத் தொடங்கிவிடுவார். பேசி முடித்த 24 மணி நேரத்துக்குள், "நாம் ஒப்புக்கொண்டது இது" என்று நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள். இந்த நான்கு வரி இல்லாததால் நல்ல சந்திப்புகள் பல காற்றில் போயிருக்கின்றன.

பராமரிப்பாளரையும் துப்புரவுப் பணியாளரையும் அதிகாரிக்கு முன்பே சந்திக்கவேண்டும். விளக்கை அணைப்பதும் கழிவைப் பிரிப்பதும் கடைசியில் அவர்கள் தலையில்தான் விழும். அவர்களைக் கேட்காமல் போட்ட திட்டம் அவர்களுக்குக் கூடுதல் சுமை. அது நியாயமும் இல்லை, நிலைக்கவும் நிலைக்காது.

ஏழு முதல் பத்தாம் வாரம் வரை: செய்வது

ஒரு வேலையை முழுதாக எடுத்துப் பார்ப்போம்: ஒரு சமையற்கூடத்தின் உணவுக்கழிவை மக்கவைப்பது. குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகும் உணவு மீத்தேனை வெளியிடும். காற்றோட்டத்தோடு மக்கினால் அது பெருமளவு தவிர்க்கப்படும்.

நாளுக்கு 12 கிலோ கழிவு என்று அளந்திருக்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 24 லிட்டர் கொள்ளளவு வரும். ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு என்றால், நாளுக்கு 48 லிட்டர் சருகு வேண்டும். காரணம் இதுதான்: மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குக் கார்பனும் நைட்ரஜனும் 25 அல்லது 30-க்கு 1 என்ற விகிதத்தில் தேவை. உணவுக்கழிவில் அது 15 முதல் 20-தான். சருகில் 40-க்கு மேல் இருப்பதால் கலந்தால் சரியாகும். ஒரு கனமீட்டர் பெட்டி ஒன்று, கழிவு அமுங்குவதைக் கணக்கில் எடுக்காவிட்டால் 14 நாளில் நிரம்பும். அதற்கு 670 லிட்டர் சருகு, அதாவது பத்துப் பெரிய மூட்டை, தொடங்கும் முன்பே கையிருப்பில் இருக்கவேண்டும். மக்குப் பெட்டிகள் கைவிடப்படுவதற்கு முதல் காரணம் சருகு தீர்ந்துபோவதுதான். சருகு தீர்ந்த மூன்றாம் நாள் நாற்றம் வரும், ஐந்தாம் நாள் புகார் வரும். ஆகவே பெட்டி செய்வதற்குமுன் மூட்டைகளைச் சேகரியுங்கள்.

பெட்டிகள் இரண்டு வேண்டும். ஒன்று நிரம்பும்போது மற்றது மக்கிக்கொண்டிருக்கும். ஒரு கனமீட்டருக்குச் சிறியதாக இருந்தால் உள்ளே உண்டாகும் சூடு தங்காது. அடியில் ஒரு சாண் உயரம் குச்சிகளைப் பரப்பினால் காற்று நுழையும். ஒவ்வொரு நாளும் கழிவைப் போட்டவுடன் சருகால் மூடவேண்டும். வெளியில் உணவு தெரிந்தால் ஈயும் எலியும் வரும். ஈரம் சரியா என்று பார்க்கக் கையுறையோடு ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு போதவில்லை, உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை.

நீளமான தண்டுள்ள வெப்பமானியால் நடுப்பகுதியில் மூன்று இடங்களில் தினமும் அளக்கவேண்டும். நிரம்பிய பெட்டியில் 55 முதல் 65 டிகிரி வந்தால் நன்றாக நடக்கிறது. நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அழியும். 65-ஐத் தாண்டினாலோ 50-க்குக் கீழே இறங்கினாலோ கிளறிவிடுங்கள். மூக்கும் ஒரு கருவிதான். அம்மோனியா நெடி வந்தால் நைட்ரஜன் அதிகம், சருகு சேருங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று இல்லை, கிளறுங்கள். எந்த நாற்றமும் இல்லை, சூடும் இல்லை என்றால் காய்ந்துவிட்டது அல்லது குவியல் போதவில்லை.

உரம் முதிர மூன்று மாதம் வரை ஆகும். ஏழாம் வாரம் தொடங்கினால் பன்னிரண்டாம் வாரத்தில் உரம் கையில் இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்தச் சுற்றில் காட்டவேண்டிய முடிவு, குப்பைவண்டிக்குப் போகாமல் நின்ற கழிவின் எடை.

பாதுகாப்பில் சமரசம் கிடையாது. மின் பலகையை யாரும் திறக்கக்கூடாது. விளக்கு மாற்றுவது தகுதிபெற்ற மின்பணியாளரின் வேலை. கூரை விளிம்பில் யாரும் அளக்கக்கூடாது, தரையில் கட்டடத்தின் நீள அகலத்தை அளந்தாலே போதும். குப்பையைக் கையால் அழுத்தக்கூடாது, உள்ளே ஊசியும் கண்ணாடியும் இருக்கும். கொடும் வெயில் நாளில் வெளிவேலையைக் காலைக்கு மாற்றுங்கள். ஒருவர் தடுமாறினாலோ குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ அது வெப்பவாதமாக இருக்கலாம். உடனே அவசர உதவியை அழைத்து, நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நீரால் நனைத்து விசிறவேண்டும். நினைவு தெளிவில்லாதவருக்கு எதையும் குடிக்கக் கொடுக்கக்கூடாது.

பதினொன்றாம் வாரம்: மறுபடி அளப்பது

தொடக்கத்தில் எப்படி அளந்தீர்களோ அப்படியே: அதே கருவி, அதே நேரம், அதே நாள் எண்ணிக்கை. 14 நாள் வேண்டிய அளவைப் பத்தாம் வாரமே தொடங்கிவிடுங்கள். மின்செலவு 15 விழுக்காடு குறைந்திருந்தால் மகிழ்வதற்குமுன் ஒரு கேள்வி: கட்டடம் திறந்திருந்த மணி நேரமும் வந்தவர்களின் எண்ணிக்கையும் அதேதானா? இல்லையென்றால் திறந்திருந்த ஒரு மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் என்று வகுத்துப் பாருங்கள். வெயில் தணிந்ததால் மின்விசிறிகள் குறைவாக ஓடியிருக்கலாம். எதையும் மாற்றாத பக்கத்துக் கட்டடம் ஒன்றின் மீட்டரையும் முதலிலிருந்தே படித்துவந்தால் இந்தச் சந்தேகம் பெரிதும் தீரும். அங்கேயும் 10 விழுக்காடு குறைந்திருந்தால் உங்கள் வேலையால் குறைந்தது சுமார் 5 விழுக்காடுதான். அந்த 5-ஐ அப்படியே எழுதுங்கள்.

மாற்றமே தெரியவில்லை என்றாலும் பயிற்சி தோற்றதாகாது. ஏன் தெரியவில்லை என்று காரணங்களை வரிசைப்படுத்தி, எதை எப்படிச் சோதிக்கலாம் என்று குழு சொல்லமுடிந்தால், அவர்கள் கற்கவேண்டியதைக் கற்றுவிட்டார்கள்.

இந்தக் கட்டத்தில் மனச்சோர்வு வெளிப்படும். "உலகம் இவ்வளவு பெரிதாக எரிகிறது, நாம் 300 யூனிட்டை எண்ணிக்கொண்டிருக்கிறோம்" என்று ஒருவராவது சொல்வார். அதை அடக்காதீர்கள், உடனே ஆறுதலும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு வாரமும் கடைசிப் பதினைந்து நிமிடத்தை இப்படிப்பட்ட பேச்சுக்கென்றே ஒதுக்கினால் அது தேங்கி நிற்காது. அந்த வேலையால் உலக வெப்பம் குறையாது என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். அதே சமயம், ஒரு கட்டடத்தின் கணக்கைப் போடத் தெரிந்தவரால் ஒரு நகராட்சியின் அறிக்கையைக் குறுக்குக் கேள்வி கேட்க முடியும் என்பதையும் சொல்லுங்கள். காலநிலை மாற்றம் குறித்து 2015-இல் நாடுகள் ஏற்ற பாரிஸ் ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவு கல்வி, பயிற்சி ஆகியவற்றோடு பொதுமக்கள் பங்கேற்பையும் தகவல் பெறுவதையும் சேர்த்தே பேசுகிறது. தூக்கமோ சாப்பாடோ கெடும் அளவுக்கு ஒருவருக்குக் கவலை இருந்தால், குழுவில் தீர்க்கப் பார்க்காமல் மனநல வல்லுநரிடம் அனுப்புங்கள்.

பன்னிரண்டாம் வாரம்: திறனைச் சோதித்து, ஒப்படைப்பது

எழுத்துத் தேர்வு வேண்டாம். ஒவ்வொருவரையும் இதுவரை பார்க்காத ஓர் அறைக்கு அழைத்துப்போய், ஒரு கருவியும் ஒரு மணி நேரமும் கொடுங்கள். அங்கே எதைக் குறைக்கலாம், எவ்வளவு, அந்த எண்ணில் பிழை எவ்வளவு இருக்கலாம் என்று சொல்லவேண்டும். பிறகு காலநிலை பற்றி ஆர்வமில்லாத வெளியாள் ஒருவருக்கு மூன்று நிமிடத்தில் விளக்கவேண்டும். பிழை எவ்வளவு என்று தானாகச் சொல்பவர் தயாராகிவிட்டார். சுற்றி வளைக்காமல் "எனக்குத் தெரியாது, அளந்து சொல்கிறேன்" என்று சொல்பவரும் அப்படியே.

பொறுப்பேற்பவரோடு ஒருமுறை முழு வேலையையும் சேர்ந்து செய்யுங்கள். பிறகு அவர் செய்ய, குழு பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஒரே தாளில், தினமும் செய்யவேண்டியது, வாரம் ஒருமுறை செய்யவேண்டியது, கெட்டுப்போனால் முதலில் பார்க்கவேண்டியது ஆகியவற்றை எழுதி, வேலை நடக்கும் இடத்திலேயே ஒட்டுங்கள். வரவு செலவுக் கணக்கை ரசீதுகளோடு, இருவர் கையெழுத்திட்டு, அனுமதி கொடுத்தவரிடம் ஒரு படி கொடுங்கள். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் மறுபடி அளக்க வருவது யார் என்று பெயரும் தேதியும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சுற்றை இந்தக் குழுவிலிருந்து இருவர் நடத்தவேண்டும். நீங்கள் பின்னால் உட்காருங்கள். முதல் சுற்றின் நோட்டுகளை அவர்களிடமே கொடுங்கள். எந்த அளவு வீணானது, எந்தச் சந்திப்பு தள்ளிப்போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். தொடக்க அளவுக்கான இரண்டு வாரத்தைக் குறைக்கலாமா என்று அவர்கள் நிச்சயம் கேட்பார்கள். அதை மட்டும் குறைக்க விடாதீர்கள்.